ரொட்டியின் பாதையில் – 14: பேக்கரிக்காரரின் தூக்கம்

1996 அக்டோபர் முடியும்வரை ஜெர்மனியில் ஒரு சட்டம் அமலில் இருந்தது. இரவு 10 மணியிலிருந்து அதிகாலை 4 மணிவரை எந்தப் பேக்கரியிலும் ரொட்டி சுடும் வேலை நடக்கக்கூடாது. மாவு பிசைவதுகூடக் குற்றம். சுட்ட ரொட்டியை 5.45-க்கு முன்னால் வண்டியில் ஏற்றி வீடுகளுக்கோ கடைகளுக்கோ கொண்டுபோகவும் கூடாது. மீறினால் அபராதம். காலையில் சுடச்சுட ரொட்டி இல்லாவிட்டால் முகம் சுளிக்கிற ஒரு ஜனக்கூட்டம், அந்த ரொட்டி தயாராக வேண்டிய நேரத்தையே சட்டவிரோதமாக்கி வைத்திருந்தது. அதுவும் ஓரிரண்டு வருடமல்ல, 80 வருடங்களுக்கு மேல்.

சென்ற வாரம் பாரிஸில் இருந்தோம். 1919-இல் பிரான்ஸும் பேக்கரிகளின் இரவு வேலைக்குத் தடை போட்டதைப் பார்த்தோம். இந்த வாரம் ரைன் நதியைக் கடந்து கிழக்கே போகிறோம். ஜெர்மனிக்காரர்களின் ரொட்டி என்றாலே எல்லோரும் சொல்வது ஒரு கணக்கு: அவர்களுடைய ரொட்டிப் பதிவேட்டில் 3,000-க்கும் மேற்பட்ட வகைகள் இருக்கின்றன, 2014-இல் ஜெர்மன் ரொட்டிப் பண்பாடு அந்நாட்டின் தொட்டுணர முடியாத மரபுகளின் தேசியப் பட்டியலில் சேர்க்கப்பட்டது. எல்லாம் சரி. 3,000 வகைகளைப் பட்டியலிடுவது விற்பனைத் துறையின் வேலை. எனக்கு அதைவிடச் சுவாரசியமாகத் தெரிவது, அதை யார் எத்தனை மணிக்கு எழுந்து சுட்டார்கள் என்ற கேள்விதான்.

முதலில் மேசையைப் பார்த்துவிடுவோம். ஞாயிற்றுக்கிழமை காலை, நிதானமான குடும்பச் சாப்பாடு. நடுவில் துணி விரித்த கூடை. அதில் உள்ளங்கைக்குள் அடங்குகிற கோதுமை ரொட்டிகள். ப்ரோட்ஷென் என்று பொதுவாகச் சொல்வார்கள். பெர்லினில் ஷ்ரிப்பே, ஹாம்பர்கில் ருண்ட்ஷ்டுக், மூனிச்சில் ஸெம்மல், ஷ்டுட்கார்ட் பக்கம் வெக்லே என்று ஊருக்கொரு பெயர். ஒரு ஊர்ப் பெயரை இன்னொரு ஊர்க் கடையில் சொன்னால் புரியாமல் போகாது, ஆனால் வெளியூர்க்காரர் என்று தெரிந்துவிடும். ரொட்டியைக் குறுக்கே அறுத்து இரண்டு பாதியிலும் தனித்தனியாக வெண்ணெய் தடவுவார்கள். ஒரு பாதிக்கு ஜாமோ தேனோ, மறு பாதிக்குச் சீஸோ மெல்லிசாகச் சீவிய ஹாமோ. நம் பக்கத்து சாண்ட்விச்போல இரண்டையும் மூடிக் கடிப்பது வீட்டு மேசையில் வழக்கமில்லை; அது ரயிலுக்கும் பள்ளிக்கூடத்துக்கும் கட்டிக்கொண்டு போகும்போது.

அரைவேக்காட்டு முட்டைக்கென்று ஒரு குட்டிக் கிண்ணம், அதற்கேற்ற குட்டிக் கரண்டி, சூடு ஆறாமலிருக்க முட்டைக்குப் பின்னிய தொப்பி. ஓட்டின் தலையைக் கத்தியால் ஒரே வெட்டில் சீவுவதா, கரண்டியால் தட்டி உடைப்பதா என்பதில் குடும்பத்துக்குள்ளேயே இரண்டு கட்சி இருக்கும். வடக்கிலும் நடு ஜெர்மனியிலும் ‘மெட்’ என்று ஒன்று வரும். பச்சைப் பன்றியிறைச்சியைப் பொடியாக அரைத்து, உப்பும் மிளகும் சேர்த்து, வேகவைக்காமல் அப்படியே ரொட்டியில் தடவி, மேலே நறுக்கிய வெங்காயம். கேட்டவுடன் பலருக்கும் வயிற்றைப் புரட்டும். பச்சையாகவே தின்பது என்பதால்தான் அன்று அரைத்ததை அன்றே விற்றுத் தீர்க்க வேண்டுமென்று கெடுபிடி வைத்திருக்கிறார்கள்.

இந்த மேசையில் ஒரு வில்லங்கம் ஒளிந்திருக்கிறது. ப்ரோட்ஷெனின் ஆயுள் சில மணி நேரம்தான். அடுப்பிலிருந்து வந்ததும் அதன் மேல்தோல் காய்ந்து மொறுமொறுவென்று இருக்கும், உள்ளே ஈரம். நேரம் போகப்போக உள்ளிருக்கும் ஈரம் தோலுக்கு ஏறும். மத்தியானத்துக்குள் தோல் ரப்பராகிவிடும். காலையில் எட்டு மணிக்கு மொறுமொறுப்பு வேண்டுமானால் ஆறு மணிக்குச் சுட்டு முடிக்க வேண்டும். ஆறு மணிக்குச் சுட வேண்டுமானால் மாவு பிசைந்து, ஆறவிட்டு, உருட்டி, பொங்கவிட்டு, அடுப்பையும் தயார் செய்ய ஒருவர் நடுராத்திரியில் எழுந்திருக்க வேண்டும். ஜெர்மனியின் பழைய ரொட்டிக்கு இந்தத் தொல்லை கிடையாது. அது வேறு தானியம், வேறு குணம்.

*

பழைய ரொட்டி, ரை என்னும் தானியத்தில் செய்தது. வடக்கிலும் கிழக்கிலும் இருக்கும் மணல் பூமியில், குளிர் கடித்தாலும் விளையக்கூடியது. கோதுமைக்கு நல்ல மண் வேண்டும். ஆக, கோதுமை ரொட்டி பணக்காரர் வீட்டுக்கும் பண்டிகைக்கும், ரை ரொட்டி மற்ற எல்லோருக்கும் என்று பல நூற்றாண்டு ஓடியது. பேக்கரித் தொழிலில்கூடப் பல ஊர்களில் வெள்ளை ரொட்டி சுடுபவர் ஒரு சாதி, கறுப்பு ரொட்டி சுடுபவர் ஒரு சாதி என்றுதான் பிரித்து வைத்திருந்தார்கள்.

ரை மாவு கோதுமைபோல இழுபடாது. அதற்கு இன்னொரு தொந்தரவும் உண்டு. அதிலிருக்கும் ஒரு நொதி, அடுப்புச் சூட்டில் மாவுச்சத்து இளகும்போது அதை வெட்டிச் சர்க்கரையாக்கிக்கொண்டே போகும். விட்டால் ரொட்டியின் உட்புறம் பசைபோலக் கொழகொழத்துவிடும். மாவைப் புளிக்க வைத்தால் அந்தப் புளிப்பில் நொதி அடங்கிப்போகும். ஜெர்மன் ரொட்டியின் புளிப்பை ருசிக்காகச் சேர்த்தது என்று நினைப்பவர்கள் உண்டு. ருசி பிறகு பழகியது. புளிக்க வைக்காமல் ரை ரொட்டி ரொட்டியாகவே வராது.

இப்படிச் செய்த ரொட்டி, சுட்ட அன்றைவிட மறுநாள் நன்றாக இருக்கும். ஒரு வாரம் தாங்கும். கிராமங்களில் ஊர்ப் பொது அடுப்பு மூட்டப்படும் நாளில் முறை வைத்து இரண்டு மூன்று வாரத்துக்குச் சேர்த்துச் சுட்டார்கள். வெஸ்ட்ஃபாலியாவின் பம்பர்நிக்கல் இதன் உச்சம். கொரகொரப்பாக உடைத்த ரையை மூடிய பெட்டிகளில் அடைத்து, மெல்லிய சூட்டில் குறைந்தது 16 மணி நேரம் வைக்கிறார்கள். அந்தக் கறுப்பு நிறம் கருகியதால் வருவதல்ல. நீண்ட நேரச் சூட்டில் சர்க்கரையும் புரதமும் சேர்ந்து நிறம் மாறுவது. மேல்தோலே இருக்காது. மென்றால் லேசாக இனிக்கும்.

ரொட்டி இருந்தது, ஆனால் காலையில் பெரும்பாலோர் அதைக் கடித்துச் சாப்பிடவில்லை. 18-ஆம் நூற்றாண்டுவரை விவசாயி வீட்டிலும் தொழிலாளி வீட்டிலும் காலையில் கஞ்சி, கூழ் அல்லது சூப்தான். அதில் பிரபலமானது பீர் சூப். பீரைச் சூடாக்கி, மாவோ முட்டையோ போட்டுக் கெட்டியாக்கி, பழைய ரொட்டித் துண்டுகளை மிதக்கவிட்டுக் குடிப்பார்கள். குழந்தைகளுக்கும் அதுதான். அரண்மனையிலும் அதுதான். 1671-இல் பிரெஞ்சு மன்னர் பதினான்காம் லூயியின் தம்பிக்கு வாழ்க்கைப்பட்டுப் போன பாலடினேட் இளவரசி லீஸலோட்டே, அங்கிருந்து எழுதிய கடிதங்களில் காப்பி, டீ, சாக்லேட் எதுவும் தனக்கு ஒத்துவரவில்லை, நல்ல பீர் சூப் கிடைத்தால் போதும் என்று புலம்பியிருக்கிறார். வெர்சாய் அரண்மனையின் விருந்துகளுக்கு நடுவில் உட்கார்ந்துகொண்டு!

சூப்பை மேசையிலிருந்து தள்ளியது காப்பி. பிரஷ்ய மன்னர் இரண்டாம் ஃபிரெடரிக்குக்கு இது கொஞ்சமும் பிடிக்கவில்லை. காப்பிக்கொட்டை வெளிநாட்டுச் சரக்கு. நாட்டுப் பணம் வெளியே போகிறது, உள்ளூர் பீர் விற்பனை விழுகிறது என்பது அவருடைய கணக்கு. நானே சிறுவயதில் பீர் சூப் குடித்து வளர்ந்தவன்தான் என்று பிரஜைகளுக்கு நினைவூட்டினார். கேட்பார் இல்லை. 1781-இல் காப்பி வறுப்பதை அரசின் ஏகபோகமாக்கினார். உரிமம் இல்லாதவர் வீட்டில் வறுத்தால் குற்றம். அதைக் கண்டுபிடிக்கப் போரில் அடிபட்டு ஓய்ந்த பழைய சிப்பாய்களை வேலைக்கு வைத்தார்கள். தெருத்தெருவாக நடந்து மூக்கால் மோப்பம் பிடிப்பதுதான் அவர்கள் வேலை. ஜனங்கள் அவர்களுக்குக் காப்பி மோப்பக்காரர்கள் என்றே பெயர் வைத்துவிட்டார்கள். 1786-இல் மன்னர் இறந்தார். அடுத்த வருடமே மோப்பக்காரர்களும் வீட்டுக்குப் போனார்கள். காப்பி வாங்க முடியாதவர்கள் சிக்கரி வேரையும் பார்லியையும் வறுத்துக் குடித்தார்கள். எப்படியானாலும் கையில் சூடான கறுப்புத் திரவம் வந்தாயிற்று. அதோடு கடிக்க ஒன்று வேண்டுமே. சூப்பில் ரொட்டி ஊறும், அதனால் பழைய ரொட்டி போதும். காப்பிக்குப் புது ரொட்டி கேட்டது.

*

ஃப்ரைபர்க் நகரத்துப் பேராலயத்தின் கோபுர வாசலில் நின்று சுவரைப் பார்த்தால், சிற்பங்களுக்குக் கீழே கல்லில் சில கோடுகள் கீறியிருப்பது தெரியும். வட்டம், நீள்வட்டம், பக்கத்தில் வருட எண்கள்: 1270, 1317, 1320. அவை ரொட்டியின் அளவுகள். அந்தந்த வருடம் ஒரு ரொட்டி இவ்வளவு பெரிதாக இருக்க வேண்டும் என்று நகர நிர்வாகம் கோவில் சுவரிலேயே எழுதி வைத்தது. கோவிலைச் சுற்றித்தான் சந்தை. வாங்கிய ரொட்டி சிறியது என்று சந்தேகம் வந்தால் நேரே வந்து சுவரில் வைத்துப் பார்த்துக்கொள்ளலாம்.

வருடத்துக்கொரு அளவு ஏன்? அந்தக் காலத்தில் ரொட்டியின் விலை மாறாது, எடை மாறும். தானியம் மலிந்தால் அதே காசுக்குப் பெரிய ரொட்டி. பஞ்சம் வந்தால் சிறிய ரொட்டி. வடையின் விலையைக் கூட்டாமல் வடையைச் சிறிதாக்கிவிடும் நம்மூர் டீக்கடைத் தந்திரம்தான். அங்கே அதை நிர்வாகமே அளந்து சட்டமாக்கியது. நிர்ணயித்த அளவுக்குக் குறைத்தால் அபராதம், ரொட்டி பறிமுதல். சில ஊர்களில் பேக்கரிக்காரரைக் கூண்டில் அடைத்து ஆற்றிலோ குட்டையிலோ முக்கி எடுத்தார்கள். ஊரே கூடி நின்று வேடிக்கை பார்த்தது.

இந்த முறை எவ்வளவு குரூரமாகப் போக முடியும் என்பதற்கு 1816, 1817 சாட்சி. இந்தோனேசியாவில் தம்போரா எரிமலை 1815-இல் வெடித்தது, அடுத்த வருடம் ஐரோப்பாவின் கோடையைக் கெடுத்தது. தென்மேற்கு ஜெர்மனியில் மழை விடவே இல்லை; பயிர் அழுகியது. அந்த வருடத்தின் ப்ரோட்ஷென்கள் சில இன்றும் அந்தப் பகுதி அருங்காட்சியகங்களில் கண்ணாடிக்குள் இருக்கின்றன. சுருங்கி, கல்லாகி, ஒரு குழந்தையின் கைக்குள் அடங்குகிற அளவு. பசியை மறக்கக்கூடாது என்று குடும்பங்கள் எடுத்து வைத்தவை. 1817-இல் அறுவடையின் முதல் வண்டி ஊருக்குள் நுழைந்தபோது மாலை போட்டு, மணி அடித்து ஊர்வலமாக அழைத்துவந்தார்கள். வுர்ட்டம்பெர்க் அரசர் வில்ஹெல்ம் 1818-இல் ஹோஹென்ஹைமில் விவசாயக் கல்விக்கூடம் திறந்ததும், அதே வருடம் கான்ஷ்டாட்டில் விவசாயத் திருவிழா தொடங்கியதும் அந்தப் பஞ்சத்தின் அடியில்தான்.

இதில் ஒன்றைக் கவனியுங்கள். நகர நிர்வாகம் ரொட்டியின் எடையைப் பார்த்தது, விலையைப் பார்த்தது, மாவில் கலப்படம் இருக்கிறதா என்று பார்த்தது. சாப்பிடுபவருக்கு அநியாயம் நடக்கக்கூடாது என்று இவ்வளவு அக்கறை. சுடுபவர் தூங்கினாரா என்று 600 வருடம் ஒருவரும் கேட்கவில்லை.

*

19-ஆம் நூற்றாண்டின் பிற்பாதியில் நகரங்கள் வீங்கின. ஆலைக்குப் போகிறவர், அலுவலகம் போகிறவர் எல்லோருக்கும் ஒரே நேரத்தில் காலைச் சாப்பாடு. ரயிலில் தானியம் வந்தது, உருளை ஆலைகளில் வெள்ளை மாவு மலிந்தது. ஒரு காலத்தில் பணக்காரர் பண்டமாக இருந்த கோதுமை ரொட்டி, குமாஸ்தா வீட்டுக்கும் வந்துவிட்டது. அதுவும் வீட்டு வாசலுக்கே. விடியும் முன்பே பையன்கள் கூடையோடு மாடி மாடியாக ஏறி, கதவுப் பிடியில் தொங்கும் துணிப் பையில் கணக்குப்படி ப்ரோட்ஷென்களைப் போட்டுவிட்டுப் போவார்கள்.

அந்தப் பையன்களில் பலர் பேக்கரியில் தொழில் பழகுகிறவர்கள். முதல் நாள் இரவு மாவு பிசைந்ததும் அவர்கள்தான். தொழில் பழகும் பையனும் கூலிக்காரரும் முதலாளி வீட்டிலேயே தங்கி, அவர் போடுவதைச் சாப்பிட்டு வேலை செய்ய வேண்டும். அடுப்பறை பெரும்பாலும் கட்டடத்தின் நிலவறையில். சூடு, மாவுத் தூசி, ஈரம். தூங்கவும் அங்கேயோ அதற்குப் பக்கத்திலோ ஒரு மூலை.

ஆகஸ்ட் பேபல் என்ற சோஷலிஸ்ட் தலைவர், அவரே மரம் கடைந்து பிழைத்த தொழிலாளி, இவர்களிடமிருந்தே விவரம் திரட்டி 1890-இல் பேக்கரித் தொழிலாளர் நிலையைப் பற்றி ஒரு நூல் வெளியிட்டார். ஒரு நாளில் 14 மணி நேரம், 16 மணி நேரம், அதற்கு மேலும் வேலை செய்கிறவர்களின் கணக்கு அதில் வந்தது. சுரங்கத்தையும் நெசவாலையையும் பற்றிப் பேசிக்கொண்டிருந்த நடுத்தர வர்க்கத்துக்கு இது கொஞ்சம் அதிர்ச்சிதான். ஏனென்றால் நிலக்கரி எங்கேயோ எரிகிறது. இந்த ரொட்டியை அவர்கள் தினமும் வாயில் போட்டுக்கொண்டிருந்தார்கள். அழுக்கு நிலவறை, வியர்வை, ஒரே படுக்கையில் இருவர் என்றெல்லாம் படித்தபோது தொழிலாளியின் மேல் வந்த இரக்கம் எவ்வளவு, தங்கள் தட்டைப் பற்றிய அருவருப்பு எவ்வளவு என்று பிரிப்பது கஷ்டம். இரண்டும் சேர்ந்துதான் வேலை செய்தது என்று நினைக்கிறேன்.

1896 மார்ச்சில் பேரரசின் கூட்டாட்சி மன்றம் ஓர் ஆணை போட்டது: பேக்கரியில் ஒருவரை 12 மணி நேரத்துக்கு மேல் வேலை வாங்கக்கூடாது. இன்றைக்கு 12 மணி நேரம் என்றால் கொடுமை. அன்றைக்கு, வளர்ந்த ஆண்களின் வேலை நேரத்துக்கு அரசு எல்லை கட்டியது ஜெர்மனியில் ஏறக்குறையப் புதுப் பழக்கம். முதலாளிகள் கொதித்தார்கள். வேலையை வீட்டோடு வீடாகச் செய்கிற சிறு தொழிலில் அரசுக்கு என்ன வேலை என்பது அவர்கள் வாதம். இரவு வேலை மட்டும் அப்படியே நின்றது. சாப்பிடுகிறவர்கள் ஆறு மணிக்கு ரொட்டி கேட்கும்வரை அதை எப்படித் தொடுவது?

காப்பியின் பக்கமும் ஒரு சிறு சம்பவம். 1908-இல் டிரெஸ்டன் நகரத்தில் மெலிட்டா பென்ட்ஸ் என்ற இல்லத்தரசி, கோப்பையின் அடியில் தங்கும் காப்பி மண்டியில் சலித்துப்போய், ஒரு பித்தளைப் பாத்திரத்தின் அடியில் ஆணியால் துளைகள் போட்டார். மகனின் பள்ளி நோட்டிலிருந்து மை ஒற்றும் தாளைக் கிழித்து உள்ளே வைத்து, காப்பித்தூளைப் போட்டுக் கொதிநீர் ஊற்றினார். தெளிந்த காப்பி கீழே இறங்கியது. அந்த ஜூன் மாதமே பேரரசின் காப்புரிமை அலுவலகத்தில் பதிவு செய்துவிட்டார். வீட்டிலேயே தொடங்கிய நிறுவனம் இன்றும் அவர் பெயரில்தான் இருக்கிறது.

*

சங்கமும் போராட்டமும் செய்ய முடியாததை யுத்தம் செய்தது. 1914-இல் பிரிட்டன் கடல் வழியை அடைத்ததும் ஜெர்மனிக்குத் தானியம் போதவில்லை. அக்டோபரிலேயே ரை ரொட்டியில் உருளைக்கிழங்கு கலக்க வேண்டுமென்று உத்தரவு வந்தது. கூடுதலாகக் கிழங்கு சேர்த்த ரொட்டியில் ‘கே’ என்ற எழுத்தைப் பதித்தார்கள். 1915 ஜனவரியில் அடுத்த அடி: பேக்கரிகளில் இரவு வேலைக்கே தடை. கூடவே, ரை ரொட்டியைச் சுட்டு 24 மணி நேரம் கழித்துத்தான் விற்கலாம்.

அதிகாரிகளுக்குத் தொழிலாளியின் தூக்கத்தைப் பற்றிக் கவலை எதுவும் இல்லை. காலையில் ரொட்டி மொறுமொறுவென்று வந்தால் ஜனங்கள் நாலு சாப்பிடுவார்கள், முந்தைய நாளுடையது என்றால் இரண்டோடு எழுந்துவிடுவார்கள், மாவு மிஞ்சும். அவ்வளவுதான் நோக்கம். ரொட்டியை ருசியில்லாமல் ஆக்குவது அரசின் கொள்கையானது. அப்படியும் சமாளிக்க முடியவில்லை. அந்த வருடமே முதலில் பெர்லினிலும் பிறகு நாடு முழுக்கவும் ரொட்டிக்கு அட்டை வந்தது. 1916 இலையுதிர் காலத்தில் உருளைக்கிழங்கும் பொய்த்துவிட, மாட்டுக்குப் போடும் டர்னிப்பைச் சூப்பாக, ஜாமாக, ரொட்டியில் கலந்து, காய வைத்துக் காப்பியாகக்கூடத் தின்று கடந்த குளிர்காலத்துக்கு டர்னிப் குளிர்காலம் என்றே பெயர்.

ஆனால் நாலு வருடம் இரவில் தூங்கிப் பழகிய தொழிலாளியைத் திரும்ப எழுப்ப முடியுமா? 1918 நவம்பரில் மன்னராட்சி கவிழ்ந்து இரண்டே வாரத்தில், புரட்சி அரசு 23-ஆம் தேதி பேக்கரிகளுக்கென்றே தனி ஆணை போட்டது: எட்டு மணி நேர வேலை, இரவு வேலைத் தடை நிரந்தரம். தானியம் மிச்சம் பிடிக்க வந்த விதி தொழிலாளியின் உரிமையாக மாறியது இப்படித்தான். 1925-இல் ஜெனீவாவின் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு பேக்கரி இரவு வேலையைப் பற்றித் தனி உடன்படிக்கையே நிறைவேற்றியது.

தொழிற்சங்கங்களை நசுக்கிய நாஜிகள் இந்தத் தடையை மட்டும் விட்டுவைத்தார்கள். 1936 ஜூனில் பேக்கரி வேலை நேரச் சட்டம் என்று புதிதாக எழுதிக்கொண்டார்கள். முழுத் தானிய ரொட்டியையும் அவர்கள் கையில் எடுத்தார்கள். 1939-இல் அதைப் பரப்ப ஓர் அரசுக் குழுவே அமைந்தது. இறக்குமதி இல்லாமல், உள்ளூர் தானியத்தைத் தவிட்டோடு சாப்பிட்டுத் திடமாக இருக்கும் இனம் என்ற கனவு. இன்று இயற்கை உணவுக் கடைகளில் வாங்கும் அதே ரொட்டிக்கு இப்படி ஒரு காலமும் உண்டு.

*

இரண்டாம் உலக யுத்தம் முடிந்து நாடு இரண்டானது. கிழக்கில் ப்ரோட்ஷென் 5 ஃபெனிக். 1950-களுக்குப் பிறகு பெர்லின் சுவர் விழும்வரை அதே 5 ஃபெனிக். ஒன்றரைக் கிலோ ரொட்டி 78 ஃபெனிக். அரசு மானியம் கொடுத்துத் தாங்கியது. விளைவு வேடிக்கையானது: மாட்டுத் தீவனத்தைவிட ரொட்டி மலிவு என்பதால் ஜனங்கள் முயலுக்கும் பன்றிக்கும் ரொட்டியைப் போட்டு வளர்த்தார்கள். காப்பிதான் எட்டாக்கனி. 1977-இல் உலகச் சந்தையில் விலை ஏறியபோது, பாதியளவு மட்டுமே காப்பி உள்ள ஒரு கலவையை அரசு விற்றது. சோஷலிசத்தைப் பொறுத்துக்கொண்ட ஜனங்கள் அந்தக் காப்பியைப் பொறுத்துக்கொள்ளவில்லை. புகார்க் கடிதங்கள் குவிந்தன.

மேற்கில் செழிப்பு. செழிப்போடு ப்ரோட்ஷென் ஆசையும் ஏறியது. இப்போது 4 மணி என்ற எல்லை ஒவ்வொரு நாளும் இடித்தது. நாலு மணிக்குத் தொடங்கி மாவு பிசைந்து, உருட்டி, முக்கால் மணி நேரம் பொங்கவிட்டு, 20 நிமிடம் சுட்டால் ஆறு மணிக்கு முதல் தட்டு வரும். ஒரு கடை வைத்த பேக்கரிக்கு அது போதும். பத்து கிளை வைத்தவருக்கு, ஊருக்கு வெளியே சுட்டு லாரியில் அனுப்புகிறவருக்குப் போதாது. அபராதம் கட்டியவர்கள் நீதிமன்றம் போனார்கள். 1968-இலும் 1976-இலும் கார்ல்ஸ்ரூவே அரசியல் சாசன நீதிமன்றம் தடை செல்லும் என்றது. ஒரு வழக்கு லக்ஸம்பர்கில் இருக்கும் ஐரோப்பிய நீதிமன்றம்வரை போனது. எல்லை தாண்டிப் பக்கத்து நாடுகளுக்குக் காலை ரொட்டி அனுப்ப முடியாமல் செய்கிறார்களே, இது பொதுச் சந்தைக்கு விரோதம் என்பது வாதம். 1981 ஜூலையில் அந்த நீதிமன்றமும் ஜெர்மனியின் சட்டத்தில் தவறில்லை என்று சொல்லிவிட்டது.

இதில் சிறு பேக்கரிக்காரர்கள் பலர் தடையின் பக்கம்தான் நின்றார்கள் என்பதையும் சொல்ல வேண்டும். 1896-இல் அரசை வசைபாடியவர்களின் பேரன்கள். தடை இருக்கும்வரை பெரிய தொழிற்சாலையும் நாலு மணிவரை காத்திருக்க வேண்டும். அதுதான் அவர்களுடைய பிழைப்புக்குக் காவல்.

அந்தக் காவலை உடைத்தது வழக்கறிஞர் அல்ல, குளிர்பெட்டி. உருட்டிய மாவைக் குளிரில் வைத்தால் பொங்குவது நின்றுவிடும்; வேண்டும்போது வெளியே எடுத்தால் விட்ட இடத்திலிருந்து தொடரும். பகலிலேயே எல்லா வேலையும் முடித்துவிட்டு, காலையில் ஒரு விற்பனைப் பெண் பொத்தானை அழுத்தினால் கடையிலேயே ரொட்டி வெந்து வந்தது. பாதி வேகவைத்து உறையவைத்த ரொட்டிகளும் பெருகின. பெட்ரோல் பங்கில்கூடச் சூடான ப்ரோட்ஷென் கிடைக்கத் தொடங்கிய பிறகு, சுடுபவரின் இரவுக்குக் காவல் நிற்பதில் அர்த்தம் குறைந்துபோனது.

1996 நவம்பர் 1-ஆம் தேதி, கடை நேரச் சட்டத் திருத்தத்தோடு சேர்த்து, தடை போனது. அன்று வெள்ளிக்கிழமை, சகல புனிதர்கள் திருநாள். பவேரியா முதலான கத்தோலிக்க மாநிலங்களில் விடுமுறை. விடுதலை நாளில் அங்கே பல கடைகள் பூட்டியிருந்திருக்கும். பழைய சட்டத்தின் மிச்சம் ஒன்று இளைஞர் பாதுகாப்புச் சட்டத்தில் இன்னும் இருக்கிறது. பேக்கரியில் தொழில் பழகுகிறவருக்கு 16 வயது நிறைந்தால் காலை 5 மணியிலிருந்தும், 17 நிறைந்தால் 4 மணியிலிருந்தும் வேலை தரலாம். அதற்கு முன் கூடாது. 18 முடிந்தவருக்குக் கடிகாரம் இல்லை. வேலைக்கு ஆள் வராததற்கு இந்த இரவு வேலையும் ஒரு காரணம் என்று பல முதலாளிகள் ஒப்புக்கொள்கிறார்கள். 1950-களில் மேற்கு ஜெர்மனியில் மட்டும் சுமார் 55,000 கைத்தொழில் பேக்கரிகள் இருந்தன. இன்று ஒன்றுபட்ட நாடு முழுக்கச் சேர்த்தும் 10,000 இல்லை.

ஞாயிற்றுக்கிழமைதான் மிச்சமிருந்த கடைசி வேலி. 1992-இல் ஞாயிறு சுடும் தடையும் செல்லும் என்று தீர்ப்பு வந்திருந்தது. 1996 திருத்தம் அதைத் தளர்த்தி, சில மணி நேரம் மட்டும் ரொட்டி விற்கலாம் என்று விட்டது. பவேரியாவில் மூன்று மணி நேரம். மூனிச் பகுதியின் ஒரு பேக்கரி, நாலு மேசை நாற்காலி போட்டுக் காப்பியும் கொடுத்துக்கொண்டு, மூன்று மணி நேரம் கடந்தும் ப்ரோட்ஷென் விற்றது. முறையற்ற போட்டியை எதிர்க்கும் ஓர் அமைப்பு வழக்குப் போட்டது. கேள்வி இதுதான்: உள்ளே ஒன்றும் வைக்காத வெறும் ப்ரோட்ஷென், சமைத்த உணவா, கடைச் சரக்கா? சமைத்த உணவென்றால் உணவகச் சட்டம் பொருந்தும். உணவகம் ஞாயிறு முழுக்கத் திறந்திருக்கலாம், பார்சலும் கொடுக்கலாம்.

2019 அக்டோபர் 17-ஆம் தேதி கூட்டாட்சி உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. பச்சை மாவு தின்ன முடியாதது. சுடுவதால்தான் அது உணவாகிறது. ஆகவே ப்ரோட்ஷென் சமைத்த உணவே. நாற்காலி போட்ட பேக்கரி ஞாயிறு முழுக்க விற்கலாம். நாற்காலி இல்லாத பேக்கரிக்குப் பழைய கணக்குதான்.

(தொடரும். அடுத்த வாரம்: டிரெஸ்டன் நகரத்துக் கிறிஸ்துமஸ் ரொட்டியில் வெண்ணெய் சேர்க்க 1491-இல் போப்பாண்டவரிடம் அனுமதி வாங்கிய கதை)